கத்தி போகும் ஆழம்

இறப்பர் மரத்தின் பட்டையில் பால் ஓடும் குழாய்கள் நெருங்கிக் கிடப்பது உள்பக்கம், மரத்தண்டை ஒட்டிய பகுதியில். அதற்கும் உள்ளே மெல்லிய உயிர்ப்படை ஒன்று உண்டு. வெட்டிய இடத்தில் புதுப்பட்டை வளர்வது அதிலிருந்துதான். கத்தி அந்தப் படைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் இப்பால் நின்றுவிட வேண்டும். முன்னதாகவே நின்றால் பால் குறையும். தாண்டிப் போனால் மரத்துக்குக் காயம். பிறகு அங்கே முண்டும் முடிச்சுமாகப் பட்டை வளரும், மறுபடி கத்தி வைக்க முடியாது. ஒரு தடவையில் சீவி எடுக்கும் பட்டை ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை மில்லிமீற்றர். இதை விடியற்காலை அரை இருட்டில், அட்டை கடிக்கக் கடிக்க, ஒரு ஆள் இருநூற்றைம்பது முந்நூறு மரங்களில் செய்ய வேண்டும்.

என் அம்மா இருபது வருசத்துக்கு மேல் பால் வெட்டினார். மில்லிமீற்றர் என்ற சொல் அவர் வாயில் வந்ததேயில்லை. அந்தக் கணக்கை எனக்குச் சொன்னவர் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டர். அதை அவர் சொன்ன நாளில் எனக்கு வந்த எரிச்சல் இன்னும் நினைவிருக்கிறது. காலமானவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா தானாகவே கும்பிடத் தொடங்கிவிடும். எங்கள் மாஸ்டர் கும்பிட்டுவிட்டு நகரக்கூடிய ஆள் இல்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு பாடம் நடத்துவார். பிரம்பு வைத்திருந்தார், பாவிக்கவும் செய்தார். மரத்தில் கல்லெறியும் பையனுக்கு விழும் அடி, வாய்ப்பாடு தெரியாத பையனுக்கு விழுவதைவிடப் பலமாக இருக்கும். கணக்கில் நானும் மோசம்தான். ஆனாலும் அந்த நீதி எனக்குப் புரிந்ததில்லை.

கேகாலை மாவட்டத்தில், எட்டியாந்தோட்டைக்கும் புலத்கொஹுபிட்டியவுக்கும் இடைப்பட்ட மலைச்சரிவு ஒன்றில் எங்கள் தோட்டம். மேலே தேயிலை, கீழே இறப்பர், அதற்கும் கீழே களனி கங்கைக்கு ஓடும் ஆறு. மலையகம் என்றதும் எல்லோரும் அட்டனையும் நுவரெலியாவையும் நினைப்பார்கள். சுற்றிலும் சிங்களக் கிராமங்கள் இருக்க, நடுவில் திட்டுத்திட்டாகக் கிடக்கும் சப்ரகமுவ மாகாணத்துத் தோட்ட லயங்கள் அவ்வளவாக யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. 1977 ஆகஸ்டிலும் 1981 ஆகஸ்டிலும் இந்த மாகாணத்துத் தோட்டங்களில் தமிழர்கள் மேல் அடி விழுந்தபோதுதான் பத்திரிகையில் எங்கள் பக்கத்துப் பெயர்கள் அடிபட்டன.

ஆறு வயதிலிருந்து பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தோட்டமே பள்ளிக்கூடம் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று 1920இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் பிள்ளைதான் எங்கள் பள்ளிக்கூடமும். ஒரு மண்டபம், ஒரு மாஸ்டர், ஐந்து வகுப்பு. 1977இலிருந்து அரசாங்கம் தோட்டப் பள்ளிகளை ஒவ்வொன்றாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. எங்களுடையதையும் எடுத்துப் பெயர்ப்பலகையை மாற்றி எழுதினார்கள். தகரக்கூரை அதேதான், மாஸ்டரும் அவரேதான்.

அவருடைய அப்பா பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரில் தச்சுவேலை பார்த்தவர். மாஸ்டர் எஸ்.எஸ்.சி. வரை படித்துவிட்டு வாத்தியார் ஆனாலும் கை என்னவோ அப்பாவின் கைதான். மேல்சட்டைப் பையில் பேனாவோடு, தேய்ந்துபோன பால் கத்தியைத் தீட்டிச் செய்த ஒரு சின்ன உளியும் இருக்கும். பாடம் நடத்திக்கொண்டே எதையாவது செதுக்குவார். மேசையடியில் எப்போதும் தூள் கிடக்கும்.

இறப்பர் மரம் பெப்ரவரி வாக்கில் இலை கொட்டும். காய் வெடிப்பது அதற்குச் சில மாதம் கழித்து. வெயில் ஏறினால் மலை முழுக்கச் சடசடவென்று சத்தம் கேட்கும். ஒரு காயில் மூன்று விதை. பழுப்பும் சாம்பலும் கலந்த புள்ளிக்கோலம் போட்ட அந்த விதைகளை வைத்து நாங்கள் பாண்டியும் பல்லாங்குழியும் ஆடுவோம். மாஸ்டர் ஒருநாள் கூடை கூடையாகப் பொறுக்கி வரச்சொல்லி, எல்லாவற்றையும் சிமெந்துத் தரையில் கொட்டிக் கலக்கிவிட்டு, “எந்த விதை எந்த மரத்தோடது, பிரிச்சு வைங்க” என்றார். முடியாத வேலை என்றுதான் நினைத்தோம். சாயங்காலத்துக்குள் பாதிக்கு மேல் பிரித்துவிட்டோம். ஒரு தாய்மரத்து விதைகளெல்லாம் ஒரே வடிவம், ஒரே கோலம். மரம் மாறினால் கோலமும் மாறும். ஆனால் ஆற்றங்கரைப் பக்கத்துப் புதுமலையிலிருந்து வந்த கூடை மட்டும் எங்களைக் குழப்பியது. எத்தனையோ மரத்தடியில் பொறுக்கிய விதைகள், அத்தனையும் ஒன்றுபோல். ஏமாற்றினோம் என்று ஒரு பையனுக்கு அடியும் விழப்பார்த்தது. பிறகு மாஸ்டரே சிரித்துவிட்டார். பழைய மலை விதை போட்டு வளர்த்த மரங்கள், புதுமலை ஒட்டுக்கன்று. ஒரே மரத்தின் மொட்டை எடுத்து ஆயிரம் கன்றில் ஒட்டினால் ஆயிரமும் அந்த ஒரே மரம்தான். 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1,919 கன்றுகள் கப்பலில் வந்து கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடவில் நட்டார்கள், நம்ம மலையெல்லாம் அதுகளோட வம்சம் என்று அன்றைக்குத்தான் சொன்னார். “அதுகளும் நம்மளப் போலக் கப்பல்ல வந்ததுதான்” என்று ஒரு வார்த்தை சேர்த்தார். அவருக்கு இப்படி இழுத்து முடிச்சுப் போடுகிற ஆசை கொஞ்சம் அதிகம்.

அச்சு வேலை அவருடைய பெரிய பைத்தியம். தேய்ந்த பாட்டா செருப்பின் அடியை வெட்டி, அதில் எழுத்தை இடம்வலம் மாற்றிச் செதுக்க வேண்டும். தமிழில் 247 எழுத்து இருந்தாலும் காலையும் கொம்பையும் தனியாக வெட்டி வைத்துக்கொண்டால் வேலை பாதியாகக் குறைகிறது என்பதை நாங்கள் செருப்பில்தான் கற்றோம். உகர, ஊகார வரிசைதான் உயிரை வாங்கும். ஒவ்வொன்றும் ஒரு வடிவம். அவற்றை மூத்த பிள்ளைகளிடம் கொடுத்தார். மை எங்கிருந்து? கேகாலை மாவட்டத்தில் போகலவில் காரீயச் சுரங்கம் இருக்கிறது. சிங்களத்தில் மினிரன் என்பார்கள். அதுதான் எங்கள் வாயிலும் வரும். உலகத்தில் இவ்வளவு சுத்தமாகக் காரீயம் நரம்புநரம்பாகப் பாறைக்குள் ஓடுவது இலங்கையில்தான். யார் மூலமோ மாஸ்டருக்கு அதில் இரண்டு கட்டி கிடைத்தது. கட்டியை அப்படியே தாளில் இழுத்து, “பென்சில் இதுதான்டா, மரச்சட்டை போடாத பென்சில்” என்று காட்டினார். மிச்சத்தை இடித்துத் தேங்காயெண்ணெயில் குழைத்தோம். பத்திரிகை என்று வெளிவந்தது ஒரே ஒரு தாள், சாம்பல் நிறம், கை பட்டால் அழியும். என் பங்கு செண்பகக் குருவியைப் பற்றி நான்கு வரி. அதில் ‘ண்’ கவிழ்ந்து கிடந்தது. மறுநாள் லயத்தில் பாதிப் பேர் சட்டையில் அந்தச் செய்தி ஒட்டியிருந்தது.

அப்போதுதான் ஆனந்த குமாரசுவாமியின் கதையைச் சொன்னார். எங்கே படித்தாரென்று நாங்கள் கேட்கவில்லை. கதையை அவர் சொன்ன விதத்தில் ஏதோ சொந்தப் பெரியப்பாவைப் பற்றிச் சொல்வதாக நினைத்தேன். பின்னாளில் நானே தேடிப் படித்தபோது பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லியிருந்தார் என்று தெரிந்தது. 1877இல் கொழும்பில் பிறந்தவர். அப்பா சேர் முத்துக்குமாரசுவாமி, அம்மா ஆங்கிலேயர். லண்டனில் நிலவியல் படித்துவிட்டு வந்து 1903இலிருந்து 1906 வரை இலங்கையின் கனிம ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தார். எங்கள் சப்ரகமுவ மண்ணில் கிடைத்த கறுத்த, கனமான, சதுரச் சதுரமான கல் ஒன்றைக் கவனித்தவர் அவர்தான். 1904இல் தோரியனைட் என்று உலகம் அறிந்த கதிரியக்கக் கனிமம் அது. கல்லைத் தேடி ஊர் ஊராகப் போனவர் கண்ணில், கிராமத்துக் கொல்லனும் தச்சனும் பாய் நெய்கிறவளும் பட்டார்கள். முதல் மனைவி எதெல் படம் பிடித்தார், குறிப்பு எடுத்தார். ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற பெரிய நூல் 1908இல் வந்தது. அதை இங்கிலாந்தில் தன் வீட்டிலேயே, வில்லியம் மொரிஸின் அச்சகத்திலிருந்து வந்த கைஅச்சு இயந்திரத்தில், ஒரு வருசத்துக்கு மேல் கூட இருந்து அடிக்கச் செய்தார். வந்தது 425 பிரதி. எதெல் பின்னாளில் இங்கிலாந்தில் பெரிய நெசவு ஆசிரியை ஆனார். செடிகொடிச் சாயங்களைப் பற்றி 1916இல் அவர் எழுதிய நூலைப் பார்த்து எத்தனையோ பேர் தொழில் கற்றார்கள். மாஸ்டருக்கு எதெலைப் பற்றித் தெரிந்திருந்ததோ என்னவோ, பலாமரத் தூளைக் கொதிக்கவைத்து எங்கள் வெள்ளைத் துணிகளை மஞ்சளாக்கிக் காட்டியதென்னவோ உண்மை. வீட்டில் அதற்கும் ஏச்சு வாங்கினோம்.

“425 பிரதி அடிச்சவருக்கும் கையில மைதான், உங்களுக்கும் கையில மைதான்” என்றார். அப்போது கேட்க நன்றாக இருந்தது.

இனி அந்த எரிச்சல். மறுநடுகைக்காகச் சாய்த்த கிழட்டு இறப்பர் மரத்தின் அடித்துண்டு ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து மண்டபத்தின் நடுவில் நிறுத்தியிருந்தார். பால் ஸ்டோருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிய பெண்களில் ஒருவரைக் கூப்பிட்டு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். வந்தது என் அம்மா. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். இடுப்பில் சாக்கு. கையில் பால் காய்ந்து கறுத்த திட்டு. புளித்த பால் வாடை மண்டபம் முழுக்க வந்தது. மாஸ்டரின் மேசைக்கு முன்னால், ஒபிஸில் துரை மேசைக்கு முன் நிற்கும் அதே நிலையில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாடைக்கு நான் பழகியிருந்தேன். அந்தக் கைகட்டுதான் தாங்க முடியவில்லை. முன்வாங்கில் இருந்த நான் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

“வாங்கம்மா. புள்ளைங்களுக்கு ஒரு வெட்டு வெட்டிக் காட்டுங்க.”

“இது செத்த மரமுங்களே மாஸ்டர். பால் வராதே.”

“பால் வேணாம். பட்டை போதும்.”

அம்மா வெட்டினார். பட்டை ஒரே நாடாவாகச் சுருண்டு விழுந்தது. மாஸ்டர் அதன் தடிப்பை அளந்தார். பிறகு வெட்டின இடத்தில் எஞ்சியிருந்த பட்டைக்குள் தையல் ஊசியைக் குத்தி, மரத்தில் முட்டியதும் நகத்தால் அடையாளம் பிடித்து, அடிமட்டத்தில் வைத்துப் பார்த்தார். இடம் மாற்றி மாற்றிக் குத்தினார். எல்லா இடத்திலும் ஏறக்குறைய அதே அளவு. பால்குழாய்கள் பட்டைக்குள் நேராக ஏறுவதில்லை, மேலே போகப் போகச் சற்று வலப்பக்கம் சாய்கின்றன, அதனால்தான் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்குகிறது, அப்படியென்றால்தான் அதிகக் குழாய் அறுபடும் என்று பலகையில் வரைந்து காட்டினார். அம்மாவும் அந்தப் படத்தை ஆச்சரியத்தோடு பார்த்தார். அவருக்கு அது புதுச் செய்தி.

“இவ்வளவு நுணுக்கத்த எங்கம்மா படிச்சீங்க?” என்று மாஸ்டர் எங்களுக்குக் கேட்கும்படி, வேண்டுமென்றே கேட்டார்.

அம்மா சிரித்தார். “படிக்கவா? பயத்துல வந்ததுங்க. காயம் பட்டா அரைப்பேராக்கிருவாங்களே.” அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம்.

மாஸ்டர் எதிர்பார்த்த பதில் இதில்லை என்பது அந்த வயதிலேயே எனக்கு விளங்கியது. கைவினை, கலை என்று அவர் கட்டிக்கொண்டு வந்ததை அம்மா ஒரே வாக்கியத்தில் சம்பளப் புத்தகத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார். இன்றைக்கு யோசித்தால், குமாரசுவாமி எழுதிய கண்டிக் கைவினைஞர்களுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உள்ள தூரம் அதுதான். அவர்கள் அரசனுக்கு ஊழியம் செய்தார்கள், பதிலுக்கு அவர்களிடம் நிலம் இருந்தது, தலைமுறை தலைமுறையாக இருந்தது. வருசத்தில் இத்தனை நாள் வேலை, மிச்ச நாள் சொந்த வயல். எங்களுக்குப் படுக்கிற காம்பிராவும் தோட்டத்துடையது. நிலம் வைத்திருக்கிறவன் கை நிதானமாக நுணுக்கம் பழகும். அம்மாவின் கை கங்காணி வருகிறாரா என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கை. நுணுக்கத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று குறைந்ததில்லை என்பது என் எண்ணம். ஆனால் இரண்டையும் ஒரே பேரில் அழைத்துப் புகழ்ந்துவிட்டுப் போக என்னால் முடியாது.

பெற்றோருக்கும் மாஸ்டருக்கும் அதற்குப் பிறகு ஒத்துப்போகவில்லை. மாதாந்தக் கூட்டத்தில் ஒரு தகப்பன் எழுந்து, “கத்தி புடிக்கிறதுக்கா மாஸ்டர் ஸ்கூலுக்கு அனுப்புறோம்? அத லயத்துலயே கத்துக்குமே. இங்கிலீசு சொல்லிக் குடுங்க” என்றார். கேட்டதில் தப்பில்லை. உழைப்பாளியின் பிள்ளைக்குக் கைத்தொழில், மற்றவன் பிள்ளைக்கு ஆங்கிலம் என்று பிரிந்துவிடுமோ என்ற பயம் நம் நாட்டுக்கும் புதிதல்ல. 1930களில் கண்டிக்குப் பக்கத்து ஹந்தெஸ்ஸையில் கிராமியக் கல்வி என்று தொடங்கியபோதும், 1937இல் வார்தாவில் காந்தி தொழிலை நடுவில் வைத்த கல்வியைப் பேசியபோதும் எழுந்த கேள்விதான். 1972 கல்விச் சீர்திருத்தத்தில் தொழில்முன்னிலைப் பாடம் என்று கொண்டுவந்து, அந்தந்த ஊர்த் தொழிலைப் பள்ளியில் படிக்க வைத்தார்கள். சில வருசத்திலேயே ஆட்சி மாறியதும் அது போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால் அந்தச் சீர்திருத்தம் நடந்த நாளில் தோட்டப் பள்ளிகள் அரசாங்கக் கணக்கிலேயே இல்லை. எங்களுக்கு வராத சீர்திருத்தத்தை, அது செத்த பிறகு, மாஸ்டர் தனியாளாக நடத்திக்கொண்டிருந்தார்.

நானும் பெற்றோர் பக்கம்தான். மண்ணும் விதையும் செருப்பும் எங்களுக்கு எதற்கு? அவையெல்லாம் ஏற்கெனவே நிறைய இருந்தன. டவுனில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கிடைத்தது எங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பை இன்றும் நான் விடவில்லை.

மழைக் கொப்பி மட்டும் எல்லோருக்கும் பிடித்தது. நேர்ச்சுவருள்ள பால்மா டின் ஒன்றை வெட்டவெளியில் கல் அடுக்கி நிறுத்திவிட்டார். தினம் காலையில் ஒருவர் அடிமட்டத்தை உள்ளே விட்டு ஆழம் பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். சுவர் நேராக இருந்தால் டின் பெரிதோ சிறிதோ, தண்ணீரின் ஆழம் ஒன்றுதான் என்பதை நம்பவைக்க அவர் பட்ட பாடு! மூன்று விதமான டின் வைத்துக் காட்டிய பிறகுதான் நம்பினோம். பக்கத்துக் கட்டத்தில் இன்னொரு பதிவு: அன்றைக்குப் பால்வெட்டு உண்டா இல்லையா. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்துபோகும். சிரட்டையில் மழைத்தண்ணீர்தான் சேரும். ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழும் பகுதி இது. தென்மேற்குப் பருவம் தொடங்கினால் கொப்பியில் வரிசையாக ‘இல்லை’ என்றே இருக்கும். ‘இல்லை’ என்றால் வீட்டில் கடைக்கடன். இயற்கை என்ற பாடம் எங்களுக்கு இப்படித்தான் வந்தது: ஒரு கட்டத்தில் மில்லிமீற்றர், பக்கத்துக் கட்டத்தில் சம்பளம்.

தொழிற்சங்கத் தலைவர் ஒருமுறை அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் போனார். விடியற்காலை மழையால் வேலை தடைப்பட்ட நாட்களுக்குச் சம்பளத் தகராறு. பிள்ளைகள் எழுதிய கொப்பி எப்படி ஆதாரமாகும் என்று ஒபிஸில் கேட்டுவிட்டார்களாம். தகராறு தீரவில்லை. கொப்பி தேத்தண்ணிக் கறையோடு திரும்பி வந்தது. மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்தில் கோடு போட்டார்.

1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்த குடும்பங்களில் மாஸ்டரின் குடும்பமும் ஒன்று. விண்ணப்பம் போட்டவர் அவருடைய அப்பா. பாஸ்போர்ட் வந்தபோது அப்பா உயிரோடு இல்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இருந்து பார்க்கலாம் என்று சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. தலைமன்னார்க் கப்பல் 1984இல் நின்றுபோவதற்குச் சற்று முன்னால் போய்விட்டார். செருப்பெழுத்துப் பெட்டியைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு உளியை மட்டும் எடுத்துப்போனார்.

நீண்ட காலத்துக்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில், கீரிப்பாறைப் பக்கம். தாயகம் திரும்பியவர்களைக் குடியேற்றி வேலை கொடுக்கத் தமிழ்நாட்டு அரசு அங்கே இறப்பர்த் தோட்டங்கள் வைத்திருந்தது. 1984இலிருந்து அது அரசு ரப்பர் கழகம். தேயிலை தெரிந்தவர்களை நீலகிரிக்கு அனுப்பினார்கள், இறப்பர் தெரிந்தவர்களைக் குமரிக்கு. மாஸ்டர் இறப்பர்ப் பட்டியலில் வந்துவிட்டார். இலங்கை எஸ்.எஸ்.சி.யை வைத்து அங்கே வாத்தியார் வேலை கிடைக்கவில்லை. பால் வெட்டும் வேலை கிடைத்தது.

கடிதம் அம்மாவுக்கு எழுதப்பட்டிருந்தது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். நான் வாசிப்பேன் என்பதும் தெரியும். எத்தனை மில்லிமீற்றர் என்று தெரிந்த ஆளுக்குக் கை நிற்கவில்லையாம். முதலில் கொடுத்த மரங்களிலெல்லாம் காயமாம். மேற்பார்வை செய்கிறவர் பார்த்துவிட்டு, சிலோன்காரன் என்கிறாய் இதுகூடத் தெரியாதா என்று கேட்டாராம். “அம்மா, கத்தியை எப்படிப் பிடிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் புள்ளையிடம் சொல்லி எழுதி அனுப்புங்கள்” என்று முடித்திருந்தார். கடிதத்தில் வேறு நலவிசாரிப்பு அதிகமில்லை.

நான் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்தேன். “சொல்லுங்க” என்றேன். அம்மாவுக்குச் சொல்ல வரவில்லை. எழுந்துபோய் அகப்பையை எடுத்துவந்து காம்பிராக் கதவு நிலையில் வைத்து வெட்டுவது போலக் காட்டினார். “இப்புடி.” இப்படி என்பதை நான் எப்படி எழுதுவது? மறுபடி செய்யச் சொன்னேன். கால் நகர்வதை அப்போதுதான் கவனித்தேன். கை நின்ற இடத்திலேயே நிற்கிறது. உடம்புதான் மரத்தைச் சுற்றி அடியடியாகப் போகிறது, கத்தி அதன் பின்னால் வருகிறது. “கைய அமுக்கக் கூடாது. கால்தான் வெட்டணும்” என்றார் அம்மா, தனக்கே புதிதாகத் தெரிந்ததாக. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதல் நாளைய ஒட்டுப்பாலை இழுத்து எடுத்துவிட்டுத்தான் கத்தி வைக்க வேண்டும். இழுக்க இழுக்கச் சின்னச் சின்னதாகத் தட்டி வர வேண்டும், ஒரே இழுப்பாக இழுத்தால் கத்தி உள்ளே பாயும். மேல்பட்டை கரகரவென்று சத்தம் போடும். உள்ளே போகப் போகச் சத்தம் செத்துவிடும், செத்ததும் நின்றுவிட வேண்டும். ராத்திரியே கத்தியைத் தீட்டி வைக்க வேண்டும், மொட்டைக் கத்திதான் காயம் வைக்கும். “அவர பயப்பட வேணாம்னு எழுது. பயந்தா கை நடுங்கும்.”

பயத்தில் வந்தது என்று வகுப்பில் சொன்னவர் அவர்தான். அதை நினைவுபடுத்தினேன். “அது கத்துக்குற வரைக்கும்” என்றார்.

அந்தக் கடிதத்தை எழுத இரண்டு இரவுகள் போயின. அதற்குப் பிறகு நான் ஆசிரியையாகி எத்தனையோ கட்டுரைப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்திருக்கிறேன். அவ்வளவு கடினமான கட்டுரையை எழுதியதில்லை. நான் கற்றுக்கொண்டது என்ன என்று கேட்டால் அந்த இரண்டு இரவுகளைத்தான் சொல்வேன். மாஸ்டருக்கு அளவு தெரியும், கை தெரியாது. அம்மாவுக்குக் கை தெரியும், சொல் தெரியாது. எனக்கு இரண்டும் தெரியாது, எழுத மட்டும் தெரியும். மாஸ்டரிடம் எனக்கிருந்த மனத்தாங்கல் எப்போது போயிற்று என்று என்னால் நாள் குறிக்க முடியாது. ஆனால் மண்டபத்தில் அம்மாவை நிறுத்திக் கேள்வி கேட்டபோது வந்தது, கடல் தாண்டிப் போய்க் கையேந்திக் கேட்டபோது போய்விட்டது. முதல் தடவை அவர் கேட்டது எங்களுக்குக் காட்டுவதற்காக. இரண்டாம் தடவை அவருக்கே வேண்டியிருந்தது.

பதில் ஒன்று வந்தது: கை கொஞ்சம் பிடிபட்டுவிட்டது, காயம் குறைந்திருக்கிறது, சாயங்காலத்தில் இங்கத்தைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன், இங்கும் விதையின் கோலம் மரத்துக்கு மரம் மாறுகிறது. சில வருசம் கழித்து அவருடைய மகன் எழுதிய கடிதத்தில் காலமாகிவிட்ட செய்தி இருந்தது.

2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை இறங்கியது. ஊர்களே மண்ணுக்குள் போயின. அதே மழையில் புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து லயத்து மக்கள் மாண்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் மழை அளப்பதைப் பற்றிப் பெரியவர்களும் பேசத் தொடங்கினார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எளிய மழைமானிகளைக் கொடுத்து விளக்கிச் சொன்னது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இரு, 100 தாண்டினால் புறப்படத் தயாராகு, 150 தாண்டினால் இடத்தை விடு. கூடவே பார்க்க வேண்டியவை: நிலத்தில் புதுவெடிப்பு, சாயத் தொடங்கிய மரம், இருந்தாற்போல் கலங்கும் ஊற்று, திடீரென்று மூட மறுக்கும் கதவு. கேட்டுக்கொண்டிருந்தபோது நான் மாஸ்டரை நினைக்காமல் இருக்க முடியவில்லை என்றாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: எங்கள் பால்மா டின்னுக்கு இந்த எல்லைக்கோடுகள் தெரியாது. அவர் ஆழத்தை அளக்கச் சொல்லிக் கொடுத்தார். எந்த ஆழத்தில் ஓட வேண்டும் என்பதை அவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

இப்போது நான் படிப்பிக்கும் பள்ளியில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று பாடமே இருக்கிறது. புத்தகம் அழகாக அச்சிட்டு இலவசமாக வருகிறது. ஆனால் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் பிள்ளையை வெளியில் அனுப்ப எந்த வீட்டுக்கும் மனம் வராது. சென்ற மே மாதத்தில் ஒரு தாய் மழைக்குள் குடையோடு வந்துவிட்டார். பால் வெட்டுகிறவர்தான். மகளுக்கு மழை அளக்கும் முறை வந்திருந்தது. காலையில் பாதி நேரம் அதிலேயே போகிறதாம்.

“மாதிரி வினாத்தாள் செய்ய வேண்டிய நேரம் டீச்சர். இதுக்கு மார்க்ஸ் உண்டா?”

“இல்லைங்க.”

“அப்ப எதுக்கு?”

நான் களுபஹனவைச் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார், முகம் மாறவில்லை. அவர் கேட்டதும் நான் சின்ன வயதில் கேட்டதும் ஒன்றுதான் என்பதால் எனக்குக் கோபமும் வரவில்லை. கடைசியில், மகளுடைய முறையைப் பரீட்சை முடியும் வரை வேறு பிள்ளைக்கு மாற்றிக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்து தன் போன் நம்பரை என் கொப்பியில் எழுதச் சொன்னார். “அந்த எழுபத்தஞ்ச தாண்டுச்சுன்னா எனக்கும் ஒரு மெசேஜ் போட்டுருங்க டீச்சர். எங்க லயம் மண்மேட்டுக்குக் கீழதான் இருக்கு.”